சாலைக்கு அடியில் போன குழாய்

தண்ணீரை வீணாக்கினால் எனக்குப் பிடிக்காது. நீங்கள் கை கழுவிய குழாய் இன்னும் சொட்டுகிறது. அதை மூடிவிட்டு வாருங்கள், சார், பேசுவோம்.

ஏரி மதகைத் திறந்து மூடுவது என் வேலை. நகரம் பெருகி வந்து சுற்றியிருந்த வயலையெல்லாம் மனையாக்கிய பிறகு மிச்சமிருந்தது ஒன்றுதான், என் தங்கை புருஷனுடையது. மாப்பிள்ளை நல்ல மனுஷன், ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். விற்க மாட்டேன் என்றால் மாட்டேன்தான். தங்கைக்குச் சேற்றில் நின்று நின்று காலெல்லாம் வெடிப்பு. பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மனைக்காரர்கள் எனக்கும் ஒரு மூலை மனை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அது வேறு விஷயம்.

விளைகிற நிலத்தில் வீடு கட்ட அனுமதி கிடையாது. தரிசாகக் கிடந்தால் கிடைக்கும், மாப்பிள்ளையும் விற்றுத்தான் ஆகவேண்டும். அதனால், அவர் வயலுக்குப் போகும் வாய்க்கால் புதுச்சாலையைக் கடக்கும் குழாயின் நடுவே மணல் மூட்டைகளைத் திணித்தேன்.

"ரோடு போட்டவன் குழாயை மேடாப் பதிச்சிட்டான் மாப்ளே, நான் என்ன பண்றது?" என்றேன். பாவம், அதை நம்பி ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார். பயிர் கருகியது. அடுத்த வருஷமும் கருகியது. தங்கை வந்து அழுதபோது நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை.

அதிகாரிகள் வந்து தரிசு என்று எழுதவேண்டியதுதான் பாக்கி. ஒருநாள் காலை தங்கை மூச்சிரைக்க மதகு அறைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, குழாய் மேடா இல்ல, உள்ள ஏதோ அடைச்சிருக்குன்னு அதை எடுக்க அவரு குழாய்க்குள்ள போயிட்டாரு. சொன்னாக் கேக்கல. நீ மதகைத் திறந்துடாதே."

மூட்டைகள் இந்த மதகு அறையில் இருந்தவை, முத்திரை குத்தியவை. வெளியே இழுத்தால் மாப்பிள்ளைக்குப் புரியும். அவருக்குப் புரிந்தால் அவளுக்கும் தெரியும். அண்ணன்மேல் அவள் வைத்திருந்த நம்பிக்கை என்ன ஆவது?

"ஐயையோ, இப்பத்தானே திறந்தேன்! நீ கடைத்தெருவுக்கு ஓடு, ஆளுங்களைக் கூட்டிட்டு வா. நான் மூடறேன்."

அவள் ஓடினாள். நான் சக்கரத்தை முழுக்கச் சுற்றித் திறந்தேன். முன்னால் மூட்டை, பின்னால் தண்ணீர். ரொம்ப நேரம் கஷ்டப்பட்டிருக்கமாட்டார். ஆட்கள் வருவதற்குள் மூடியும் விட்டேன்.

ரோடு போட்டவர்கள் விட்டுப்போன மூட்டை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஸ்டேஷனில் கிடந்த அந்த மூட்டையில் மதகு அறை முத்திரை இருந்தது இத்தனை வருஷம் கழித்து உங்கள் கண்ணில்தான் பட்டது.

வயலில் இப்போது அடுக்குமாடி வீடுகள். தங்கைக்கும் அதில் ஒரு வீடு. காலில் சேறு படுவதில்லை. சாப்பிடும்போது திடீரென்று கேட்பாள்: "நான் இன்னும் கொஞ்சம் வேகமா வந்திருந்தா அவரு பொழைச்சிருப்பாருல்ல அண்ணா?"

"விடும்மா, எல்லாம் தலையெழுத்து" என்பேன். அவள் தட்டை அப்படியே தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவாள்.

அவள் நேரத்துக்குத்தான் வந்தாள். அவள் வந்தபோது மதகு மூடித்தான் இருந்தது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவளுக்கு மட்டும் தெரியவேண்டாம், சார். தாங்கமாட்டாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?