மணிமங்கலத்து மழை

சுபாஷ்: இன்னாடா இது? வெளிய வெயில் மண்டைய பொளக்குது... உன் டேப்லெட்டுல, வெதர் ஆப்புல மழ கொட்டுது!

வேல்ராஜ்: அதான் உன்னைய வரச் சொன்னேன். சரி பண்ணிக் குடு.

சுபாஷ்: இத்தப் பாத்துக்கினுதான் செகண்ட் ஷிப்டுக்கு மட்டம் போட்டியா? நல்லா கீது கத...

வேல்ராஜ்: மழைன்னு பாத்தா பாப்பா விட மாட்டேங்கா. கால கட்டிக்கிட்டு அழுவுதா.

சுபாஷ்: ம்... கவியா போனதுலருந்தா?

வேல்ராஜ்: ஒரகடம் ரோட்டுல, மழையில பைக் சறுக்கித்தான அவ அம்மா போனா.

சுபாஷ்: சரி வுடு... ஆனா இன்னிக்கும் வர்லன்னா வேலைய வுட்டுத் தூக்கிருவேன்னு சூப்பர்வைசர் சொல்லிட்டாரு. தெரியும்ல?

வேல்ராஜ்: தெரியும். வருவேன். பொய் மழைக்கு வீட்ல உக்காந்தது போதும்.

சுபாஷ்: லொக்கேஷன் ஆன்லதான் கீது. லொக்கேஷன் துல்லியமும் ஆன்லதான் கீது. அப்பறம் ஏன் ஊரு மணிமங்கலம்னே காட்டுது... இது சிம்மு போடுற டேப்பா?

வேல்ராஜ்: இல்ல, வைஃபை மட்டுந்தான்.

சுபாஷ்: அந்த வைஃபை டப்பா எங்கேர்ந்து வந்துச்சு?

வேல்ராஜ்: மணிமங்கலத்து வீட்ல மாட்டியிருந்தது. காலி பண்றப்ப தூக்கிட்டு வந்துட்டேன்.

சுபாஷ்: அட லூசே! டேப்பு அந்த டப்பாவத்தான் அடையாளம் வெச்சுக்கினு கீது. நீ சுங்குவார்சத்திரம் வந்துட்ட... அது இன்னும் வூடு மாறல மச்சி!

வேல்ராஜ்: இதுக்குச் சிரிக்கியா?

சுபாஷ்: டேய்... சும்மா தமாசுக்கு சொன்னேன்டா.

வேல்ராஜ்: மாத்து.

சுபாஷ்: இரு, ஊர் பேர நாமளே அடிப்போம்... சுங்குவார்சத்திரம். லிஸ்ட்டுல மொதல்ல வெச்சுட்டேன். லொக்கேஷன ஆஃப் பண்ணிட்டேன். இந்த மணிமங்கலத்த?

வேல்ராஜ்: எடுத்துரு.

சுபாஷ்: நெஜமாவா? கவியாவும் நீயும் அங்கதான...

வேல்ராஜ்: எடுத்துருன்னேன்ல.

சுபாஷ்: சரி சரி, எடுத்தாச்சு. இப்ப பாரு... அய்யய்யோ.

வேல்ராஜ்: என்ன?

சுபாஷ்: இங்கயும் மழ காட்டுது. கரெக்டா ஷிப்டுக்குப் போற நேரத்துல.

வேல்ராஜ்: இது நெஜ மழைதான?

சுபாஷ்: நெஜந்தான். ஜன்னல்ல பாரேன், மேக்கால கருத்துக்கினு வருது... பாப்பா எங்க, கீழ ஓனரம்மா வூட்லயா? நான் வேணா பேசிப் பாக்கட்டா?

வேல்ராஜ்: வேண்டாம்.

சுபாஷ்: தோ பாரு, கோச்சுக்காத. நான் டேப்பு பாக்கவே வர்ல. உன்ன கையோட இட்டுக்கினு போவத்தான் வந்தேன். வண்டில ரெண்டு ரெயின்கோட் வெச்சுக்கினு கீறேன். நான் மெதுவா ஓட்றேன்... நீ பின்னாடி கண்ண மூடிக்கினு குந்திக்க. பாப்பாவுக்கு சமாதானம் மட்டும் நீ சொல்லு.

வேல்ராஜ்: பாப்பா போன மாசமே கோவில்பட்டிக்கு எங்க அம்மாகிட்ட போயிட்டா மாப்ள. கால கட்டிக்கிட்டு அழ இங்க யாரு இருக்கா? பயம் எனக்குத்தான்... நீ பின்னாடி உக்காரு. சாவியக் குடு.