அக்காவுக்கு ஒரு ரூம்

மணிமொழி: ரூம் நல்லாதான்டா இருக்குது. ஜன்னலத் தொறந்தா மலை.

அப்பாதுரை: மலை இருந்தா போதுமாக்கா? பாத்ரூம் அந்தக் கோடியில. சாம்பார்ல உப்பு கம்மி...

மணிமொழி: சாப்ட்டுப் பாத்தவனாட்டம் சொல்ற! முதியோர் இல்லத்துல அப்படித்தான் போடுவாங்க. நர்ஸா இருந்த எனக்கே பத்தியம் சொல்றியா?

அப்பாதுரை: அதுக்கில்ல...

மணிமொழி: காலையிலேர்ந்து குத்தம் சொல்லிக்கிட்டே இருக்க. இங்க வேணாம்னா, வேற எங்க போறது? சொல்லேன்.

அப்பாதுரை: வேற எடம்னா... அது வந்து...

மணிமொழி: வாயில என்னா, கொழுக்கட்டையா?

அப்பாதுரை: பணத்துக்கு என்னக்கா பண்ணுவ?

மணிமொழி: டெபாசிட்டுக்கு பி.எஃப். பணம் இருக்குது. மாசச் செலவு பென்ஷன்ல போயிடும். படுத்துட்டா ஆயா வெச்சுப் பாப்பாங்களாம், அதுக்குத் தனி. வேலூர்ல வேலை பாக்கும்போதே எல்லாம் யோசிச்சு வெச்சவதான் நான்.

அப்பாதுரை: அப்புறம் என்ன, நிம்மதி.

மணிமொழி: நிம்மதியா! ஏன்டா, வருஷா வருஷம் கார்த்திகை தீபத்துக்கு உன் வீட்டுல இருவது பேர் பாய் விரிச்சுப் படுப்போம். மொட்டமாடியில நின்னு மலையப் பாத்து அரோகரா போடுவோம். இந்த வருஷம், "வெள்ளை அடிக்கிறோம், வராதக்கா"ன்னு போன் பண்ற. தீபத்தன்னிக்கு எவன்டா வெள்ளை அடிப்பான்? டிவியில பாத்துட்டு ஒக்காந்து அழுதேன்.

அப்பாதுரை: அது வந்து... பையன்தான்...

மணிமொழி: உம் பொண்டாட்டி கஸ்தூரி இருந்தவரைக்கும், "ரிட்டையர் ஆனதும் இங்கயே வந்துடுங்க"ன்னு வாய் நெறய சொல்லும். நீ ஒருவாட்டி சொன்னியா? ஒப்புக்காச்சும்?

அப்பாதுரை: சொன்னா நீ வந்துடுவியேக்கா...

மணிமொழி: வந்தா என்னா? உன் சோத்த நானா தின்னுடப் போறேன்?

அப்பாதுரை: ஐயோ, அப்படி இல்ல...

மணிமொழி: வேலூர் வீட்டக் காலி பண்ணிட்டேன்டா. சாமானெல்லாம் லாரி ஆபீஸ்ல கெடக்குது. இங்க இன்னும் ஒரு பைசா கட்டல. தெருவுல எல்லார்கிட்டயும், "தம்பி வீட்டோட போறேன்"னுதான் சொல்லிட்டு வந்திருக்கேன். இந்த எடத்தக் காட்டினா, "என் வீடு இல்லயா ஒனக்கு"ன்னு நீ கையப் புடிச்சு இழுத்துட்டுப் போவேன்னு நெனச்சேன்.

அப்பாதுரை: அழாதக்கா. யாராச்சும் பாக்கப் போறாங்க.

மணிமொழி: பாக்கட்டும்! வாயத் தொறந்து ஒரு வார்த்த கூப்புட்டா கொறஞ்சா போயிடுவ?

அப்பாதுரை: எங்கன்னு கூப்புடுவேன்? சித்திரையில வீட்டப் பையன் பேருக்கு எழுதிக் குடுத்தேன். ஐப்பசியில அவன் வித்துட்டான். அப்போலேர்ந்து நான் இங்கதான்க்கா இருக்கேன்... எட்டாம் நம்பர் ரூம்ல.