நான்காவது ஆப்பு

இந்த அறைச் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது, ஐயா. மேலே எங்கேயோ ஓடு நகர்ந்திருக்கும். மழைக்கு முன்னால் ஆள் விட்டுப் பாருங்கள்.

பெரிய தெருவில் நான் முப்பத்தொரு வருஷமாகக் கொத்தன். அங்கே உள்ள கல் வீடுகள் இருநூறு வருஷம் தாண்டியவை. கல்லுக்கு நடுவே சுண்ணாம்புச் சாந்து இருந்தால், உள்ளே போன தண்ணீர் வெளியே வந்துவிடும். சிமெண்ட் வைத்தால் தண்ணீர் உள்ளேயே கிடந்து கல்லைத் தின்னும். பத்தே வருஷத்தில் கல் மாவாக உதிரும்.

என் தங்கச்சி வீட்டுக்காரன் என்னிடம் சித்தாளாக வந்தவன். போன வருஷம் அவனைத் தலைமைக் கொத்தனாக்கினார்கள். தெருமுனைப் பலகையில் அவன் பேர். அதில் எனக்கு ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தது, அவ்வளவுதான்.

வேலை சீக்கிரம் முடியட்டும் என்று அவன் சிமெண்டில் இறங்கினான். இரண்டு வீடு போயிற்று. மூன்றாவது வீட்டில், கல்லுக்கு மூச்சு முட்டும் என்று எடுத்துச் சொன்னேன்.

"கல்லுக்கு முட்டுதோ என்னவோ மச்சான், ஏணி ஏறினா உங்களுக்கு முட்டுது. கீழயே உக்காந்து சாந்து குழைங்க."

சித்தாள்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வேலையை மேற்பார்க்கும் அதிகாரியிடம் போனேன். சிமெண்டுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று என்றார். அதற்குமேல் வேறு வழி இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

எங்கள் வேலையில் ஒரு முறை உண்டு. வாசல் மேல் கல்லை மாற்றும்போது, அதற்கு மேலே உள்ள சுவரை மரக்கால் கொடுத்துத் தாங்குவோம். காலுக்கு அடியில் ஆப்பு இறுக்குவோம். அடித்தவனைத் தவிர யாரும் ஆப்பைத் தொடக்கூடாது. சுவருக்கு அடியில் போகிறவன் "இருக்கா?" என்று கேட்பான். "இருக்கு" என்றால் போவான். குனிந்து பார்க்க மாட்டான். பார்த்தால் ஆப்படித்தவனுக்கு அவமானம்.

தங்கச்சியை நினைக்கவில்லையா என்று கேட்டீர்கள். நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவள் சாப்பாடு கொடுத்துவிட்டுப் போகும்வரை காத்திருந்தேன். சித்தாள்களையும் தண்ணீர் எடுக்க அனுப்பினேன். அந்த மூன்றாவது வீட்டு வாசலில் நான் அடித்திருந்த நான்கு ஆப்பில் மூன்றைத் தளர்த்தினேன். சுவர் அசையவில்லை. நான் கொடுத்த கால் அப்படி. அவன் சிமெண்ட் சட்டியோடு வந்தான்.

"இருக்கா மச்சான்?"

"இருக்கு."

அவன் உள்ளே போய் முதுகைத் திருப்பியதும் நான்காவதைத் தட்டினேன். ஓங்கியெல்லாம் அடிக்கவில்லை. ஒரே தட்டு.

சத்தம் கேட்டதும் முதலில் ஓடியது நான்தான் என்று எதிர்வீட்டுக்காரர் சொல்லியிருப்பார். சரிதான். தூசி அடங்கக்கூட நான் காத்திருக்கவில்லை. அவன் கை வெளியே நீண்டு அசைந்துகொண்டிருந்தது. அதை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன். இருபத்தாறு கல். ஒன்றில்கூட விரிசல் இல்லை.

அப்புறம்தான் ஐயா எனக்கு உயிரே வந்தது.