வாப்பா அதை எறியவில்லை

ஓடுகிறோம். உம்மாவின் கை என் கையில். முன்பக்கம் சளீர் சளீரென்று கண்ணாடி உடைகிறது. பிறகு குப்பென்று ஒரு சத்தம். பெட்ரோல். கீழ்வீடு எங்கள் தையல் கடை. முழுக்கத் துணி. பற்றிக்கொள்ளக் கேட்கவா வேண்டும்?

திங்கட்கிழமை. மாலை அஸர் தொழுகை முடிந்திருந்தது. கட்டுகஸ்தோட்டையில் ஊரடங்கு என்றார்கள். ஊரடங்கு எங்களுக்குத்தான். முஸ்லிம் கடைகளை எரிக்க வந்த கும்பலுக்கு இல்லை. யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்திய தெரு இது. எங்கள் வாசலுக்கு யுத்தம் பிந்தி வந்தது.

பின்வாசலைத் தாண்டித் திரும்பினால் வாப்பா இல்லை. மேல்மாடிக் குளியலறையில் குழாய்ச் சத்தம் கேட்கிறது. எனக்கு விளங்கிவிட்டது. திருமறையை எடுக்கப் போயிருக்கிறார். வுழூ செய்யாமல் அதைத் தொடமாட்டார். வீடு எரிகிறது. மனுஷர் முகம், கை, கால் கழுவுகிறார். இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது. அழுகையும் வருகிறது.

ஜன்னலில் வந்து நின்றார். நெஞ்சோடு திருமறை. பின்னால் புகை.

“வாப்பா! கிதாப எறிஞ்சிட்டுக் குதிங்க!”

மாட்டேன் என்று தலையாட்டினார். ஜன்னலுக்கு நேர்கீழே கழிவுநீர்க் கான். அதோடு குதித்தாலும் கானில்தான் விழவேண்டும். வேதத்தைத் தரையில்கூட வைத்தறியாதவர். எறிவாரா?

பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்கா ஓடி வந்தார். மாதா கோவிலுக்குப் போகிறவர். கானின் ஓரத்தில் செருப்பைக் கழற்றினார். இரண்டு கைகளையும் ஏந்தினார்.

“நானா, எங்கிட்ட குடுங்க! சீக்கிரம் நானா!”

வாப்பா கட்டில் விரிப்பை உருவினார். திருமறையைப் பொதிந்து முடிச்சுப் போட்டார். இறக்கினார். மெதுவாக. தொட்டில் பிள்ளையை இறக்குவதுபோல. நான் உம்மாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். அக்காவின் கைக்குப் பொதி வந்து சேர்ந்தது.

“குதிங்க வாப்பா! குதிங்க!”

நிமிர்ந்து பார்க்கிறேன். ஜன்னலில் புகை மட்டும். உள்ளே பலகைத் தளம் இடிந்து விழுந்தது. ஒரே சத்தம். அதன்பிறகு உம்மாவின் சத்தம்.

இப்போது கம்பளையில் மாமி வீட்டில் இருக்கிறோம். பல மாதம் நான் திருமறையைத் திறக்கவில்லை. அல்லாஹ் மன்னிக்கட்டும், வேதத்தின் மேலேயே கோபம். வாப்பாவுக்கு என்னைவிட அதுதான் பெரிதா என்று கேட்டு அழுதேன். ஒரு விடியற்காலை சுபஹுத் தொழுகைக்கு வுழூ செய்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். விரித்தேன். ஒரு தாளும் கருகவில்லை. வாப்பா விரல் வைத்து ஓதிய வரிகள். அதே இடத்தில் என் விரலை வைத்தேன். ஓத வாய் வரவில்லை. வாப்பா எதன் முன்னால் அப்படி நின்றார் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இரண்டும் இருக்கின்றன.

மறக்காதீர்கள். எழுதி வைக்கிறேன்.

வீடு ஒன்று. கடை ஒன்று. தையல் மெஷின் மூன்று. பெருநாளைக்கென்று ஊரார் தைக்கத் தந்த துணி அத்தனையும். உம்மாவின் தூக்கம். மனிதர் ஒருவர், என் வாப்பா. முகத்தை மூடித்தான் தந்தார்கள்.