பெயின்றுக்குக் கீழே இருந்த பெயர்

பிராங்பேர்ட் விமான நிலையம் போகும் எஸ்-பான் ரயிலில், எனக்கு எதிரே இருந்த முதியவர் பக்கத்திலிருந்த பெண்ணிடம் சொன்னார்:

"நான் நித்திரை கொண்ட கட்டிலிலை ஒரு அமெரிக்கன் பயந்து கிடந்திருக்கிறான், தங்கச்சி."

"என்னண்ணை சொல்லுறியள்?"

"நான் வேலை செய்த கப்பல் முந்தி அமெரிக்க நேவியின்ரை. உலக யுத்தத்திலை தீவு தீவாக் குண்டும் சாப்பாடும் கொண்டு திரிஞ்சது. பிறகு வித்து, பேரை மாத்தி, எங்கடை காலத்திலை அரிசி ஏத்தினது. ஒருநாள் கட்டிலடிச் சுவரிலை பெயின்ற் உரிஞ்சுது. கீழை ஒரு பேர். பக்கத்திலை, 'அம்மா, பயமாயிருக்கு' எண்டு இங்கிலீஷிலை கீறியிருந்தது."

"அது ஆரெண்டு தெரியுமோ?"

"என்ரை மகன் இன்ரநெற்றிலை தேடிப் பிடிச்சவன். ஆள் செத்துட்டார். அவரின்ரை மகள் இருக்கிறா. தேப்பன் யுத்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையாம். என்னைப் பாக்கவெண்டு இண்டைக்கு வந்திறங்கிறா."

வெளியே பனிமூட்டம். மரங்கள் தண்ணீருக்குள் நிற்பவைபோல மெல்லப் பின்னால் போயின.

"அவர் பயந்தவர் எண்டதையும் சொல்லப் போறியளோ?"

அவர் மேலங்கிப் பொத்தான்களைப் பூட்டத் தொடங்கினார்.

"ஓம். நானும் நடுக்கடலிலை அழுதிருக்கிறன், ஒருத்தருக்கும் சொன்னதில்லை. அதை முதல் சொல்லிப்போட்டுத்தான் அவரின்ரை கதையைச் சொல்லுவன்."