கப்பலுக்குப் பின்னால் நின்ற மாத்திரை

கணக்கெடுப்புப் பிரிவின் கண்ணே, கடமையில் கறாரே, கடிந்தாலும் கைவிடாத எங்கள் மரகதம் மேடம் அவர்களே, வணக்கம்!

முகத்துக்கு நேரே புகழ்ந்தால் முறைப்பீர்கள். ஆகவே உங்கள் கதையை அவையோருக்குச் சொல்கிறோம். நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

தீவு தீவாகப் போய், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்டு எழுதி வந்த பதில்களை இனம் பிரிப்பது எங்கள் பிழைப்பு. அதற்கு எக்செல்லில் ஓர் அகராதி உண்டு: இடப்பக்கம் சொல், வலப்பக்கம் அதற்கான எண். குழாய் என்றால் குடிநீர், மாத்திரை என்றால் மருத்துவம். ஒருமுறை எழுதிவிட்டால் அடுத்தடுத்த கணக்கெடுப்புக்கும் அதுவே உழைக்கும். மெயின்லேண்டிலிருந்து வந்த அந்த அகராதியைத் தீவுக்கு ஏற்ற அளவில் வெட்டித் தைத்தவர் மரகதம்.

போன வருடம், தெற்கே ஒரு தீவில் மருத்துவக் குறையே இல்லை, எல்லாம் போக்குவரத்துதான் என்று வந்தது. மழைக்காலத்துக்கு எந்தத் தீவுக்கு எவ்வளவு மருந்து என்பது அந்த அறிக்கையை வைத்துத்தான் முடிவாகும்.

"ஹோ கயா மேடம், முடிஞ்சது! அனுப்பிடலாம்" என்றார் எங்கள் பிரிவின் சிவபிரகாஷ்.

மரகதத்துக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. அந்தத் தீவின் ரப்பர் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர்.

"ஒருத்தருக்குக்கூட சக்கரை இல்லையாமா? அப்ப நானும் அங்கயே போயிடுறேன்."

பதில்களைப் பிரித்து வைத்துப் படித்தார். தோட்டத் தொழிலாளி சொர்ணம்மா சொல்லியிருந்தார்: "கப்பல் வரல. வந்தாத்தானே சக்கரை மாத்திரை வரும்?" தீவுக்காரர் எந்தக் குறையையும் கப்பலில் ஏற்றித்தான் இறக்குவார். அகராதியிலோ கப்பல் என்றால் போக்குவரத்து; அதுவே முதல் வரி. அது சிக்கியதும் மற்ற வரிகளைப் பார்க்காமல் வேலை முடிந்துவிடும். கப்பலை முதல் வரியில் வைத்தவரும் மரகதம்தான். தீவில் வளர்ந்தவர் வேறு எதை முதலில் வைப்பார்?

"கப்பலைக் கடைசிக்குத் தள்ளு. ஒரு பதிலுக்கு ரெண்டு எண் விழட்டும்."

"இன்னைக்கு அனுப்பணும் மேடம். பெரிய சார் கத்துவார்."

"கத்தட்டும். அவருக்கு வீட்டுக்குப் பக்கத்துல, ஜங்லிகாட்லயே மாத்திரை கிடைக்குது."

அறிக்கை தாமதமானது, திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார். மருத்துவம் முதலிடத்துக்கு ஏறியது. மழைக்கு முன்னமே மருந்துப் பெட்டிகள் தெற்கே போய் இறங்கின.

இந்த வருடமும் அதே அகராதியை ஓட்டினோம். சொர்ணம்மாவின் பதில் மட்டும் எந்த வரியிலும் சிக்கவில்லை: "நர்சம்மா இனிப்பு திங்கவிடாம ஏசுது."

மேடம், நூறாண்டு நலமாக இருங்கள். இப்படிப்பட்ட குறை மட்டுமே உங்களுக்கும் வாய்க்கட்டும்!

உங்களிடம் திட்டு வாங்கி வளர்ந்த,
கணக்கெடுப்புப் பிரிவு ஊழியர்கள்,
போர்ட் பிளேயர்.