பச்சை வந்தால் கையெழுத்து

எனக்கு வெள்ளெழுத்து நாற்பது தாண்டியதுமே வந்துவிட்டது. கிட்டத்தில் படிக்க ஒரு கண்ணாடி வேண்டும். அதைத் தவிர என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. போன மாதம்கூடப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் விசாரணை அறிக்கையில் என் கண்ணைப் பற்றி ஒரு வரி வருகிறது. அந்த வரிக்குக் கடைசியில் வருகிறேன்.

இரும்புக் கட்டடங்களின் வடிவமைப்பைச் சரிபார்ப்பது என் வேலை. மற்றவர்கள் கணக்குப் போட்டுப் படம் வரைவார்கள். எந்த உத்தரம் தாங்கும், எது தாங்காது என்று கடைசியாகப் பார்த்து நான் கையெழுத்துப் போட்டால்தான் அது பட்டறைக்குப் போகும். அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள், ஆனால் எங்கள் அலுவலகத்தில் தடுப்புச் சுவர் எல்லாம் அட்டை. எனக்குக் கோபம் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால் பிடித்துத்தான் இருந்தது.

நீங்கள் உள்ளே வைத்திருக்கும் பொறியாளர் என் மகளின் கணவர். எங்கள் அலுவலகத்தில் வேலைக்கு அவரைச் சிபாரிசு செய்தவன் நான்; மகளுக்குப் பார்த்து முடித்தவனும் நான். நல்ல பிள்ளை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. முதலாளி எதிரில் இருந்தாலும் என்னை வாய் நிறைய மாமா என்றுதான் கூப்பிடுவார். அவர்மேல் எனக்கு எந்த விரோதமும் இல்லை, இப்போதும் இல்லை.

எங்கள் வடிவமைப்பு மென்பொருளுக்குப் புதிய பதிப்பு வந்ததில் இருந்து தொடங்குகிறேன். அதை எல்லோருக்கும் விளக்கிக் காட்டும் பொறுப்பு மாப்பிள்ளையிடம் போனது. கூட்ட அறையில் விளக்கை அணைத்துவிட்டுத் திரையில் ஓட்டிக் காட்டினார். இனி உத்தரத்தை நாம் தேடித் தேர்ந்தெடுக்க வேண்டாம்; இருப்பதிலேயே எடை குறைந்ததை அதுவே எடுத்துக்கொள்ளும். இணைப்புக்கு எத்தனை போல்ட் என்பதையும் அதுவே சொல்லும். தாங்கினால் பச்சை, தாங்காவிட்டால் சிவப்பு. ஒரு சின்னத் தொழிற்சாலைக்கான கட்டடத்தை எங்கள் கண் முன்னால் தேநீர் ஆறுவதற்குள் முடித்துவிட்டார். நன்றாகத்தான் செய்தார், குறை சொல்ல முடியாது.

முதலாளிக்கு வாயெல்லாம் பல். “அப்போ செக்கிங்குக்கு இத்தனை நாள் எதுக்கு? பச்சை வந்தா கையெழுத்து, அவ்வளவுதானே. பூதக்கண்ணாடிக்கு இனிமே ரெஸ்ட் குடுத்துடலாம்” என்றார்.

என் முகத்துக்கு நேராக அந்தப் பெயர் வந்தது அன்றுதான் முதல் தடவை. எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளையும் லேசாகச் சிரித்துவிட்டு, “ஆமா மாமா, இனிமே நீங்க கண்ணை வருத்திக்க வேணாம்” என்றார். அன்பாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

ஒரு புதிய பதிப்பு வரும்போது கூடவே நீளமாக ஒரு குறிப்பும் வரும். என்னென்ன மாறியிருக்கிறது என்று அதில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. முதல் பக்கத்துப் படங்களைப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள். நான் கடைசி வரி வரை படிப்பவன். பெரிய எழுத்தில் போட்ட வசதிகள் எல்லாம் முடிந்த பிறகு, ஓரமாக ஒன்று இருந்தது. பக்கவாட்டுப் பிடிப்பு என்ற கட்டம் முன்பெல்லாம் காலியாக இருக்கும், தேவைப்பட்டால் நாம் டிக் போட வேண்டும். இனிமேல் அதில் டிக் தானாகவே விழுந்திருக்கும், தேவையில்லை என்றால் நாம் எடுக்க வேண்டும்.

இது என்ன என்று கேட்பீர்கள். பள்ளிக்கூட அளவுகோல் ஒன்றை அதன் மெல்லிய விளிம்பில் நிறுத்தி, இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டு நடுவில் அழுத்திப் பாருங்கள். அது உடையாது, பக்கவாட்டில் திருகிக்கொண்டு சாயும். நீளமான, ஒல்லியான உத்தரமும் அப்படித்தான். மேலே இருக்கும் தளத்தை அதோடு சேர்த்து போல்ட் போட்டு முடுக்கிவிட்டால் தளமே அதைச் சாயாமல் பிடித்துக்கொள்ளும். தளம் சும்மா மேலே உட்கார்ந்திருந்தால் பிடிக்க ஆளில்லை. அந்த டிக், தளம் முடுக்கப்பட்டிருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. கம்ப்யூட்டர் நம்பிவிடும்.

பிறகு அந்தப் பொட்டலம் கட்டும் தொழிற்சாலையின் வேலை வந்தது. உள்ளேயே ஒரு மேல்தளம், தொழிலாளர்கள் உட்கார்ந்து சாப்பிட. அடியில் குழாய்கள் ஓடுவதால், தளத்துப் பலகைகளை வேண்டும்போது தூக்கி எடுக்கும்படி வைக்கச் சொன்னார்கள். ஆக, ஒரு பலகைகூட உத்தரத்தோடு முடுக்கப்படவில்லை. மாப்பிள்ளை புதிய பதிப்பில் ஓட்டினார். அது எடை குறைந்த உத்தரங்களாகப் பொறுக்கி எடுத்தது. திரை முழுக்கப் பச்சை.

என் மேசைக்கு வந்ததும் முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. கணக்குக்கூடத் தேவைப்படவில்லை, உத்தரம் அவ்வளவு ஒல்லி. ஆனாலும் பழக்க தோஷம், கையால் போட்டுப் பார்த்தேன். அறுபது பேர் வரை ஏறி நின்றால் சமாளிக்கும். அதற்கு மேல் போகப் போகத் திருகும்.

நான் ஒன்றும் செய்யவில்லை. பச்சை வந்தால் கையெழுத்து என்றார்கள், கையெழுத்துப் போட்டேன். வேலை நடக்கும்போது உத்தரம் கொஞ்சம் சாயும், முதலாளி பதறுவார், எல்லோரும் என் மேசைக்கு ஓடி வருவார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு தடவை பட்டால் புரியுமே என்று.

இந்த இடத்தில் ஒன்றைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். ஒன்றும் செய்யவில்லை என்றது முழுக்க உண்மை இல்லை. படங்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் மாப்பிள்ளை என்னிடம் வந்தார். முகத்தில் ஒரு சந்தேகம்.

“மாமா, பக்கவாட்டுப் பிடிப்புன்னு ஒரு கட்டம் இருக்கு. நான் தொடவே இல்ல, தானா டிக் ஆகியிருக்கு. இந்தப் பலகைக்கு அது சரி வருமா?”

சரியான கேள்வி. எனக்கு அப்போது பெருமையாகக்கூட இருந்தது. எடுத்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் எடுத்திருப்பார், திரை சிவப்பாகியிருக்கும், கதை முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்தால் அது அவர் கண்டுபிடித்ததாக ஆகும். மென்பொருளும் நல்லது, மாப்பிள்ளையும் கெட்டிக்காரர், பூதக்கண்ணாடிக்கு ரெஸ்ட்.

“புது அப்டேட் இல்லையா, யோசிக்காமலா போட்டிருப்பாங்க? விடுங்க மாப்ளே” என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. “நீங்க சொன்னா சரிதான் மாமா” என்று போய்விட்டார். இதை அவர் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற பிள்ளை.

தளம் முடிந்ததும் பார்வையிடப் போனேன். பலகை போட்டு, வண்ணம் அடித்து, மேசை நாற்காலி எல்லாம் வந்துவிட்டன. பொட்டலப் பிரிவுக்கு மேற்பார்வை பார்க்கும் அம்மா ஒருவர் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு, “சார், நாங்கல்லாம் கொஞ்சம் கனத்த ஆளுங்க. தாங்கும்ல?” என்று கேட்டுவிட்டு, தன் நகைச்சுவைக்குத் தானே குலுங்கிச் சிரித்தார்.

“தாராளமா” என்றேன்.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. பிறகு உங்கள் பட்டியலில் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

வழக்கமாகச் சாப்பாட்டுக்குப் பிரிவு பிரிவாகத்தான் போவார்கள். ஒரு நேரத்தில் நாற்பது பேர் இருந்தால் அதிகம். அதனால்தான் இரண்டு மாதம் நின்றது. பிறகு, தள்ளிப்போயிருந்த திறப்புவிழாவை வைத்து எல்லோரையும் ஒன்றாக மேலே ஏற்றப்போகிறார்கள் என்று அழைப்பு வந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் போனேன், மாப்பிள்ளையும் வந்தார்.

படிக்கட்டு அருகில் நின்று ஏறுகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபதைத் தாண்டியது. மேலே யாரோ ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். தொழிற்சாலை முதலாளி மாப்பிள்ளையைக் கை காட்டி மேலே வரச் சொன்னார். அவரும் ஒரு படி ஏறிவிட்டார். நான் அவர் முழங்கையைப் பிடித்தேன்.

“மாப்ளே, ஒரு நிமிஷம். வெளிய வாங்க, ஒரு விஷயம் பேசணும்.”

வாசலில் நிறுத்தி மகளைப் பற்றி, வீட்டு வாடகையைப் பற்றி ஏதேதோ கேட்டுக்கொண்டிருந்தேன். இவ்வளவு கூட்டம் இருக்கும்போது இதைப் போய்ப் பேசுகிறாரே என்று அவருக்குத் தோன்றியிருக்கும். முகம் சுளிக்காமல் பதில் சொன்னார். அப்புறம் உள்ளே சத்தம் கேட்டது. நான் நினைத்த அளவு பெரிய சத்தம் இல்லை. இரும்பு உடையும்போதுதான் சத்தம் போடும், திருகும்போது போடாது. சத்தம் போட்டதெல்லாம் மனிதர்கள்.

பதினேழு பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். கனத்த ஆள் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட அந்த அம்மாவும் அதில் உண்டு. நான் வருத்தப்படவில்லை என்று நினைக்காதீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

மாப்பிள்ளையைக் கொண்டுபோன பிறகு மகள் என் வீட்டுக்கு வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அன்னைக்கு நீங்க அவரை வெளிய கூப்பிட்டதாலதாம்பா அவர் உயிரோட இருக்காரு. அந்தக் கடவுளாப் பாத்து உங்களைக் கூப்பிட வச்சிருக்கு” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “உங்க மேல தப்பு வரக்கூடாதுன்னு அவர் எல்லாத்தையும் தன் தலையிலயே போட்டுக்கிட்டாரு. மாமாவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு முன்ன மாதிரி இல்ல, அவரால கவனிச்சிருக்க முடியாதுன்னு சொல்லியிருக்காரு. விடுங்கப்பா, வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே” என்று என் தலையைத் தடவினாள்.

குழந்தைக்குத் தடவுவதுபோலத் தடவினாள். அந்தக் கையை என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே இங்கே வந்துவிட்டேன்.

மகள் வாழ்க்கைக்காக, மாப்பிள்ளையைக் காப்பாற்ற வந்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் உண்மை. ஆதாரம் கேட்டால் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். கம்ப்யூட்டர் வேண்டாம். அந்த உத்தரம் எத்தனை பேரைத் தாங்கும் என்று உங்கள் எதிரிலேயே கையால் போட்டுக் காட்டுகிறேன். நடந்ததோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு பிசகு இருக்காது. டிக் விழுந்திருப்பதைப் பார்த்தேன், கேட்டவரிடம் விடச் சொன்னேன், தாங்காது என்று தெரிந்தே தாராளமா என்றேன், அவர்கள் ஏறுவதை எண்ணிக்கொண்டு நின்றேன். இதற்குக் கொலை என்று பெயர் வைத்தால் நான் மறுக்கப் போவதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அறிக்கையில் ஒரே ஒரு திருத்தம்தான் கேட்கிறேன். சரிபார்த்தவர் பார்வைக் குறைவால் கவனிக்கத் தவறிவிட்டார் என்று இருக்கிறதே, அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதை நாலு பேர் படிப்பார்கள்.